ஸ்டென்ட் வைத்த பிறகு எனக்கு வந்த இரண்டாவது நோய்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டம் முடிந்து தாமான் என்னும் குடியிருப்பு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டியவர்கள். நான் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு 22 ஆண்டுகளாக ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துப் பிழைக்கிறேன். 2022 மே மாதம், என்னுடைய 51-ஆவது வயதில் மாரடைப்பு வந்தது. மருத்துவமனையில் இருந்தது ஐந்து நாள். அதன் பிறகு பதினொரு மாதம் நான் பட்ட பாடு அந்த ஐந்து நாளை விடப் பெரியது. இதயத்தைப் பற்றிய பயமே ஒரு நோயாக வரும், அது பிழைத்த இதயத்தையும் கெடுக்கும் என்று யாராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதித் துன்பம் குறைந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாரடைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் மாரடைப்பு என்று நினைத்திருந்தேன். எனக்கு முதலில் வலித்தது தாடை. பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் ஒரு அழுத்தம். உடம்பெல்லாம் வியர்த்தது. வாயுத் தொல்லை என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். அந்த மூன்று மணி நேரம் நான் செய்த முதல் தவறு. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இப்படி நெஞ்சை விட்டு வேறு இடத்தில் வலி காட்டுவது உண்டு. உள்ளூரில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் பக்கத்துப் பெரிய ஊரான ஈப்போவுக்கு அனுப்பினார்கள். வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய இரத்தக் குழாயில், அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். நல்லபடியாக முடிந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருந்துப் பையைக் கையில் கொடுத்து, அவசரத்தில் இருந்த ஒருவர் அறிக்கையைப் பார்த்து, "இதயம் 50 சதவீதம் வேலை செய்கிறது, பரவாயில்லை" என்றார். அந்த 50 என்ற எண் என் காதில் விழுந்தது; "பரவாயில்லை" விழவில்லை. பாதி இதயம் செத்துவிட்டது, மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இனி வாழ வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். உண்மை வேறு. முழு ஆரோக்கியமான இதயம்கூட ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள இரத்தத்தில் ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். நூறு என்று எவருக்கும் கிடையாது. என்னுடைய 50, சராசரிக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பத்து மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு எண் சொன்னால், "நல்ல இதயத்துக்கு இது எவ்வளவு இருக்கும்?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். பதில் வரும் வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

முதல் இரவு இன்னும் நினைவிருக்கிறது. இடதுபக்கம் சாய்ந்து படுத்தேன். தலையணைக்குள்ளிருந்து துடிப்பு கேட்டது. லப், டப், லப், டப். எண்ண ஆரம்பித்தேன். இருபதாவது துடிப்புக்குப் பிறகு ஒன்று விட்டுப்போனது போல் இருந்தது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆலையில் இரவு வேலை; மகள் பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவளை எழுப்பவும் மனமில்லை. விடியற்காலை தோட்டத்து லாரி சத்தம் கேட்கும் வரை கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று தொடங்கிய பழக்கம். சில வாரங்களில் கழுத்தின் அந்த இடம் தொட்டாலே வலிக்கும் அளவுக்குக் கன்றிப்போனது. இரத்த அழுத்தக் கருவி ஒன்று 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஒரு நாளில் முப்பது தடவை கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எண் கொஞ்சம் கூடும்; பயத்தில் பார்ப்பதால் கூடுகிறது என்று அப்போது தெரியாது. பிறகு நாடித் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம், 420 வெள்ளி.

அந்தக் கடிகாரம் என்னை மருந்துத் தவறு ஒன்றில் கொண்டுபோய் விட்டது. ஒருநாள் காலை அது 54 என்று காட்டி, துடிப்பு குறைவு என்று அதிர்ந்தது. இதயம் நிற்கப் போகிறது என்று நினைத்தேன். என் மருந்துகளில் பிசோப்ரோலோல் என்று ஒன்று உண்டு. துடிப்பை மெதுவாக்கி இதயத்தின் சுமையைக் குறைப்பதுதான் அதன் வேலை. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ஓய்வில் 50-க்கு மேல் இருந்து, மயக்கமும் தலைச்சுற்றலும் இல்லையென்றால் பெரும்பாலும் கவலையில்லை. யாரையும் கேட்காமல் நானே அதை நிறுத்தினேன். நான்கு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது துடிப்பு 112-க்குப் போய்விட்டது, நெஞ்சும் இறுகியது. இந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இதயம் எதிர்வேகத்தில் ஓடும், நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம் என்று பிறகு சொன்னார்கள். பயத்தில் நான் செய்தது, நான் எதற்குப் பயந்தேனோ அதன் வாசல் வரை என்னைக் கொண்டுபோனது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளும் அப்படித்தான். வழக்கமாக ஓராண்டு வரை இரண்டு வகை தருவார்கள். பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இன்னொரு தவறு, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. படபடப்பு வந்த போதெல்லாம் அதை வைத்தேன். அது இரத்தக் குழாய்களை விரிக்கும், அழுத்தம் இறங்கும், தலைவலியும் கிறுகிறுப்பும் வரும். கிறுகிறுப்பு வந்தால் எனக்கு இன்னும் பயம். பயம் வந்தால் இன்னொரு மாத்திரை. இப்படி ஒரு மாதத்தில் ஒரு போத்தலைக் காலி செய்திருக்கிறேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தோட்டத்து ஜனங்களின் மனசு பெரியது. ஹார்லிக்ஸ் போத்தல், பிஸ்கட் டின், ஆரஞ்சுப்பழம் என்று கையை வீசாமல் வந்தார்கள். வந்து உட்கார்ந்ததும், "எங்கள் பழைய லயத்தில் ஒருவருக்கும் இப்படித்தான், ஸ்டென்ட் வைத்து மூன்றாம் மாதம் குளியலறையில் விழுந்தார்" என்று ஆரம்பிப்பார்கள். அன்பினால் வந்தவர்கள்தான், ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் மூன்று வாரம் நான் குளியலறைக் கதவைத் தாழிடவில்லை. வீட்டிலும் அதே நிலை. வாளியைத் தூக்காதே, மாடிப்படி ஏறாதே, கோபப்படாதே. என் வீட்டுக்காரர் ஆலையிலிருந்து மணிக்கொரு தடவை கூப்பிட்டு "நெஞ்சு எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். கேட்டவுடன் நெஞ்சைக் கவனிப்பேன். கவனித்தவுடன் ஏதாவது தெரியும். தையல் மெஷினின் மிதியில் காலை வைத்தால் துடிப்பு கூடுமே என்று மெஷினுக்குப் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்திவிட்டேன். ஏழு மாதம் அந்தத் துணியை எடுக்கவில்லை.

இரவுப் பயணங்கள் தனி. படபடப்பு, மூச்சு வாங்கல், விரல் நுனிகளில் மதமதப்பு. உள்ளூர் மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருந்தும், ஸ்டென்ட் வைத்த ஊரில்தான் உயிர் பிழைக்கும் என்ற பிடிவாதத்தில் வாடகைக் காரில் ஈப்போவுக்கு ஓடினேன். உண்மையான மாரடைப்பாக இருந்திருந்தால் அந்த அரை மணி நேரப் பயணமே என்னைக் கொன்றிருக்கும். அவசரம் என்றால் 999, இல்லையென்றால் பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவு, அவ்வளவுதான். ஒன்பது தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஈசிஜி எடுத்து, இரத்தம் எடுத்து, சில மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்து, "ஒன்றுமில்லை" என்று அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்றால் எனக்கு இப்படி ஏன் ஆகிறது என்று எவரும் சொல்லவில்லை. பிறகு தனியார் இடம் ஒன்றில் ஒரு பரிசோதனை முடிந்ததும் அடுத்ததை எழுதித் தந்துகொண்டே இருந்தார்கள், நானும் செய்துகொண்டே இருந்தேன். முடிவு நன்றாக வந்த அன்று மாலை மட்டும் நிம்மதி; மறுநாள் காலை "நேற்றுக்குப் பிறகு ஏதாவது அடைத்திருந்தால்?" என்ற எண்ணம்.

கணக்கு நோட்டில் எழுதி வைத்ததால் சொல்கிறேன். பரிசோதனைகள் 2,340 வெள்ளி. கிளினிக் 14 தடவை, 910. வாடகைக் கார் 630. கருவியும் கடிகாரமும் 609. மொத்தம் 4,489. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு ஒப்புக்கொண்டிருந்த 86 ரவிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தேன், தலா 50 வெள்ளி, 4,300 போயிற்று. துணிப் பையை வாங்கிக்கொண்டு "உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா" என்று சொல்லிப் போனவர்களில் பலர் வேறு தையற்காரியைப் பிடித்துவிட்டார்கள். அவர்கள் மேல் வருத்தமில்லை. ஆனால் மெஷினையும் தொடாமல், வாசலையும் தாண்டாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் நான் உயிரோடு இருந்தேன் என்றுதான் சொல்ல முடியும், வாழ்ந்தேன் என்று சொல்ல முடியாது.

2023 மார்ச்சில் அரசாங்க கிளினிக்கில் வழக்கமான மறுபரிசோதனை. சீட்டுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். புதிதாக வந்திருந்த இளம் பெண் மருத்துவர் என் கழுத்தைப் பார்த்தார். "அம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை நாடி பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. வெளியே வரிசை நீளமாக இருந்தது, அவர் அவசரப்படுத்தவில்லை. ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு பதற்றம், கவலையை நிறுத்த முடிகிறதா என்பது போன்ற ஏழு கேள்விகள். மொத்தம் 21-க்கு நான் 16 எடுத்தேன். 10-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 15-ஐத் தாண்டினால் கடுமை என்றார். இதயத்துக்கு மருந்து கொடுத்தோம், பயத்துக்குக் கொடுக்கவில்லை, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லி உளவியல் பிரிவுக்கும் ஈப்போவில் இதய மறுவாழ்வுப் பயிற்சிக்கும் கடிதம் எழுதினார். நிபுணர் சந்திப்புக்கு ஐந்து வெள்ளி. நான் முந்தைய ஆண்டு முழுவதும் இறைத்த ஆயிரங்களை நினைத்துப் பார்த்தேன்.

உளவியல் பிரிவில் கேட்டதைத்தான் நீங்கள் மனதில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நெஞ்சைப் பற்றிய பயத்துக்கென்றே தனியாக 18 கேள்விகளை ஜோர்ஜ் ஐபெர்ட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2000-ஆம் ஆண்டிலேயே அமைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விகள் மூன்று விஷயங்களை அளக்கின்றன: இதயத்தைப் பற்றிய அச்சம், இதயம் வேகமாகும் வேலைகளைத் தவிர்ப்பது, ஓயாமல் இதயத்தையே கவனிப்பது. நான் மூன்றுக்கும் ஆம். அப்படியென்றால் இது எனக்கு மட்டும் வந்த பைத்தியம் அல்ல, பலருக்கும் வந்து, பெயர் வைக்கப்பட்டு, அளக்கப்பட்ட ஒன்று. அதைக் கேட்டதே பாதி மருந்து.

பயம் உடம்பில் வேலை செய்யும் விதத்தையும் விளக்கினார்கள். பயந்தால் அட்ரினலின் சுரக்கிறது. துடிப்பும் அழுத்தமும் கூடுகின்றன. இதயத்துக்கு ஆக்சிஜன் அதிகம் தேவைப்படுகிறது. மூச்சை வேகமாக இழுத்து விடுவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் மதமதப்பு, கிறுகிறுப்பு, நெஞ்சு இறுக்கம் எல்லாம் வருகின்றன. இவற்றைப் பார்த்து மாரடைப்பு என்று இன்னும் பயப்படுகிறோம். நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் கால் தசையும் இதயமும் பலம் இழந்து, நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அதை இதயம் கெட்டதற்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்கிறோம். தூக்கம் கெடுகிறது, மருந்து ஒழுங்கு கெடுகிறது. மாரடைப்புக்குப் பிறகு பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்கள் மறுபடி இதயச் சிக்கலுக்கு ஆளாவது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டுப் பயந்தேன். "பயப்படச் சொல்லவில்லை அம்மா, இதற்கும் வைத்தியம் செய்துகொள்ளச் சொல்கிறோம்" என்றார் உளவியல் பிரிவில் என்னைப் பார்த்தவர்.

மறுவாழ்வுப் பயிற்சியின் முதல் நாளில் மார்பில் கம்பிகளை ஒட்டி, இரண்டு படி கொண்ட ஒரு பெட்டியில் ஏறி இறங்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். மலாய்க்காரத் தாதி ஒருவர் பக்கத்தில் நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். துடிப்பு 96-க்குப் போனது. திரையைக் காட்டி, "பாருங்கள், இதயம் வேலை செய்கிறது, அதற்குத்தான் அது இருக்கிறது" என்றார். நிறுத்தியதும் எண் இறங்கியது. 96, 88, 79. ஏறிய துடிப்பு தானாக இறங்கும் என்பதை நான் கண்ணால் பார்த்த நாள் அது. எவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதற்கு 6 முதல் 20 வரை எண் கொடுக்கச் சொல்வார்கள். எனக்கு 12, 13-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் அதற்கு ஓர் எளிய அளவு உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதாது என்றால் சரியான வேகம். எட்டு வாரம் போனேன். இந்தப் பயிற்சியைப் பற்றி உங்களிடம் எவரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

நெஞ்சில் ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது என்று எனக்கு எழுதிக் கொடுத்ததை மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். வேலையை விட்டு உட்கார வேண்டும். வழக்கமான நெஞ்சுவலி போல இருந்தால் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. ஐந்து நிமிடத்தில் குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் 999. பாரம் வைத்தது போன்ற அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுவது, வியர்வை, வாந்தி வருவது போல் இருப்பது, நடந்தால் கூடுவது, இவற்றில் தாமதமே கூடாது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, ஊசி குத்தினாற்போல் நொடியில் போகிற, அழுத்தினால் வலிக்கிற வலி பெரும்பாலும் தசை வலி. சந்தேகமா, போய்விட வேண்டியதுதான். இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டில் தைரியமாக உட்காரச் சொல்லவில்லை. வெறும் படபடப்பு என்று தெரிந்தால் மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததை விட நீளமாக விடுவேன். அலை போல எழும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கும். நாடி பார்ப்பதை ஒரேயடியாக விட முடியவில்லை. முப்பதைப் பத்தாக்கினேன், பத்தை இரண்டாக்கினேன், இப்போது காலையில் ஒரு தடவை அழுத்தம் பார்த்து எழுதுவதோடு சரி. கடிகாரத்தை மகளிடம் கொடுத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்துப் போனேன். நெஞ்சைப் பற்றிக் கேட்பதற்குப் பதில் இன்று எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேளுங்கள் என்று அவரிடம் சொன்னார்கள். அன்றிலிருந்து மாலையில் இருவரும் செம்பனை ஓரச் சாலையில் நடக்கிறோம். கணவன் மனைவி உறவைப் பற்றியும் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். இரண்டு மாடிப்படி வரிசையைச் சிரமமில்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகப் பயமில்லை என்றார்கள். ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆண்மைக்கான மாத்திரைகளை நாக்கடி மாத்திரையோடு சேர்க்கவே கூடாது, அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். எனக்குப் பதற்றத்துக்கு செர்ட்ராலின் சில மாதம் கொடுத்தார்கள். இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து அது. சாமி குறையோ, மனக் கோளாறு என்ற பட்டமோ என்று தயங்க வேண்டாம். பேச ஆள் இல்லையென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

மெஷின் மேல் இருந்த துணியை எடுத்த அன்று பத்து நிமிடம் மட்டும் மிதித்தேன், பழைய தலையணை உறை ஒன்றைத் தைத்தேன். மறுநாள் பதினைந்து நிமிடம். 2023 தீபாவளிக்கு 52 ரவிக்கைகள் ஒப்புக்கொண்டேன், எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தேன். இன்றும் சில இரவுகளில் தலையணையிலிருந்து துடிப்பு கேட்கும். மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

சென்ற மாதம் எங்கள் தாமானிலேயே லாரி ஓட்டும் ஒருவர் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார். நானும் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கூடத்தில் நான்கைந்து பேர் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன ஆனது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகும் வரை இருந்தேன். பிறகு, "தம்பி, இரவில் தூங்குகிறீர்களா?" என்று கேட்டேன். தூங்குகிறேன் அக்கா என்றார். அவருடைய இடது கை விரல்கள் இரண்டும் வலது மணிக்கட்டின் மேல் இருந்தன.